நான்காவது மஞ்சள் சக்கரம்

எங்கள் அப்பாவுக்கு முருகன் மேல் பக்தி இருந்தது. அதைவிட ஒரு பிடி கூடுதலாக நிரந்தர வேலையின் மேல் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் டில்லிக்கு ரயிலேறி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, மெல்ல மெல்ல ஒரு பிரிவுக்கு அதிகாரியானவர். உலகத்து மனிதர்களை அவர் இரண்டாகத்தான் பிரித்திருந்தார்: வேலை நிரந்தரம் ஆனவர்கள், இன்னும் ஆகாதவர்கள். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே என்ன உத்தியோகம் போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பெண் யார் என்று பார்ப்பார். வேலை நிரந்தரம் ஆகாதவர்களைக் கண்டால் அவருக்கு உண்மையிலேயே மனம் இளகிவிடும். அந்த இளகிய மனம் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தது. நான் அப்போது நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜனக்புரியில் சொந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மாடிக் கட்டடம், அதில் எங்களுடையது இரண்டாம் தளம். காலையில் குக்கர் கத்துவதற்கு முன்னால் 'கூடா' என்ற குரல் படிக்கட்டில் ஏறி வரும். கூடா என்றால் குப்பை. அதை எடுக்க வருபவரை எல்லாரும் கூடாவாலா என்றார்கள். அம்மா மட்டும் பையா என்பாள், இந்தியில் அண்ணன். ஒல்லியான மனிதர், முழங்கால் வரை மடித்துவிட்ட பேண்ட், காதில் செருகிய பீடி. அவருடைய மூன்று சக்கர வண்டி கீழே நிற்கும். அதைச் சுற்றிலும் பெரிய பெரிய சாக்குகள் தொங்கும். காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, பாட்டிலுக்கு ஒன்று, இரும்புத் துண்டுக்கு ஒன்று.

வீடு வீடாக வாங்கியதைக் கட்டடத்துக்குப் பின்னால், மாநகராட்சியின் சிமெண்டுக் குப்பைத் தொட்டி பக்கத்தில் கொட்டிவைத்துக்கொண்டு பிரிப்பார். அவர் மனைவியும் கூட உட்கார்ந்திருப்பாள். விற்கக்கூடியது சாக்குக்குள் போகும், மிச்சம் தொட்டிக்குள் போகும். வீட்டுக்காரர்கள் மாதம் ஏதோ சில்லறை கொடுப்பார்கள். கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொள்பவர்களும் உண்டு. அவர்களிடம் அவர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் குடும்பம் சாப்பிட்டது எங்கள் சில்லறையை வைத்து அல்ல, சாக்குகளில் சேர்ந்ததை விற்று.

எங்கள் வீட்டுக் குப்பையின் மேல் அவருக்குத் தனி மரியாதை. காரணம் பால் கவர். அம்மா கவரின் மூலையைக் கத்தரிக்கும்போது முழுதாக வெட்டிவிட மாட்டாள். அந்தச் சின்ன முக்கோணம் கவரோடு ஒட்டிக்கொண்டு தொங்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாலில் விழுந்து அடுப்பேறிவிடும் என்பது அவள் கவலை. பாலை ஊற்றிய பிறகு கவருக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்த வெள்ளைத் தண்ணீரையும் பாத்திரத்தில் சேர்ப்பாள். காபிக்குப் பால் கொஞ்சம் கூடினால் யாருக்கு நஷ்டம் என்பாள். அப்புறம் கவரை நன்றாகக் கழுவி, சமையலறை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுக் காயவிடுவாள். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்கு இதைப் பார்த்தால் ஒரே சிரிப்பு. மதராசிகள் குப்பையைக்கூடக் குளிப்பாட்டித்தான் அனுப்புவார்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டடத்தில் மற்ற வீட்டுக் கவர்களெல்லாம் புளித்த நாற்றத்தோடு வரும். அம்மாவின் கவர்கள் மட்டும் சுத்தமாக, ரப்பர் பேண்டு போட்டு வரும். கூடாவாலா அவற்றைச் சாக்கில் போட மாட்டார், இருக்கைக்குக் கீழே தனியாகச் செருகி வைத்துக்கொள்வார். சுத்தமான கவருக்குக் குடோனில் நல்ல விலையாம்.

எனக்கும் அவருக்கும் இருந்த உறவு வேறு. அவர் எனக்குச் சக்கரங்கள் கொண்டுவந்து தருவார். உடைந்த பொம்மைக் கார், லாரி, ரயில் எது குப்பையில் வந்தாலும் சக்கரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு செருப்புப் பெட்டி நிறையச் சக்கரங்கள் வைத்திருந்தேன். ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அப்பாவின் பழைய சோப்பு டப்பாவில் கார் செய்ய வேண்டும் என்பது என் திட்டம். அதற்கு ஒரே மாதிரி நான்கு வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் மஞ்சள் நிறத்தில் மூன்று சேர்ந்துவிட்டன. பெரிய, தடித்த, ரப்பர் போட்ட சக்கரங்கள். மூன்றாவதை என் கையில் வைத்தபோது, "சௌத்தா பீ மிலேகா, பிட்டியா" என்றார். நான்காவதும் கிடைக்கும் மகளே என்று அவ்வளவு உறுதியாக அதற்கு முன் யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. தினமும் காலையில் அவர் பையைத்தான் முதலில் பார்ப்பேன்.

அப்போதுதான் அப்பா குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். ஜனவரிப் பனியில் ஒருநாள், அலுவலகப் பஸ்ஸுக்குப் போகும் வழியில், கூடாவாலாவும் அவர் மனைவியும் வெறுங்கையால் குப்பையைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். அன்று மாலை சாப்பிடும்போது அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், வயதானால் என்ன செய்வான், லீவு உண்டா, ஒன்றும் கிடையாதே என்று. மனம் இளகத் தொடங்கிவிட்டது. சங்கக் கூட்டத்தில் பேசி, எல்லாரையும் சம்மதிக்கவைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடாவாலாவை வீட்டுக்கு வரச் சொன்னார்.

அப்பாவின் இந்தி பஸ் கண்டக்டருக்குப் போதும், அதற்கு மேல் போதாது. அம்மாவின் இந்தி காய்கறி வண்டிக்காரர்களிடம் கற்றது, அதிகாரபூர்வமான விஷயங்களுக்கு அது உதவாது என்பது அப்பாவின் அபிப்பிராயம். எனவே பள்ளிக்கூடத்து இந்தி தெரிந்த நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். கூடாவாலா வாசற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னால் காலைக் காட்டி வேண்டாம் என்றார்.

"ஏட்டி, சொல்லு அவன்ட்ட. இனிமே மாசம் பொறந்தா சம்பளம். குப்பையக் கிளற வேண்டாம். வாங்கி ஊத்துனாப் போதும். கோட்டு உண்டு, கையுறை உண்டு, வாரத்துல ஒருநாள் லீவு உண்டு."

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். லீவைச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. அவர் கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். அப்படியானால் குப்பை யாருக்கு?

"குப்பை சங்கத்துக்கு. சங்கம் அத ஏலம் விடும். அந்தத் துட்டுலதான் இவனுக்குச் சம்பளம்" என்றார் அப்பா.

 கூடாவாலா என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். இந்தக் கட்டடங்களை முன்னால் இருந்த ஆளிடமிருந்து தான் விலைக்கு வாங்கியதாக. அதற்கு மனைவியின் கொலுசையும் வளையலையும் விற்றதாக. இந்தக் கட்டடங்களின் குப்பைக்கு வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள், தங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று. கடைசியில் கையைக் கூப்பிக்கொண்டு, "பகார் நஹீ சாஹியே, ஸாப். கூடா சோட் தோ" என்றார்.

சம்பளம் வேண்டாமாம், குப்பையை விட்டுவிட வேண்டுமாம் என்று நான் பிசகில்லாமல் சொன்னேன். அப்பா சிரித்தார். அரசாங்கம் கட்டின வீட்டை இவன் எப்படி விலைக்கு வாங்கியிருக்க முடியும், யாரோ இவனை நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று இன்னும் கொஞ்சம் இளகினார். "கூச்சப்படுதான். மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ" என்றார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வேண்டாம்னுதான சொல்லுதான். பெறகு எதுக்குக் கட்டாயப்படுத்துதிய?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு இவன் பிள்ளையள் படிக்கணும்லா."

மறுவாரம் சங்கத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, இஷ்டமில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்றார். கூடாவாலா சரி என்றார். வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம், கடைசியில் புரிந்துகொண்டான் பார்த்தாயா என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அடையாள அட்டை வந்த அன்றுதான் அவர் பெயர் சலீம் என்று எங்களுக்குத் தெரிந்தது. யாரும் அதுவரை கேட்டதில்லை. அட்டையை லாமினேட் செய்து, நீல நாடா கோர்த்து, அப்பாவே அவர் கழுத்தில் மாட்டினார். பச்சைக் கோட்டும் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். அப்பாவின் முகத்தில் அன்று இருந்த நிறைவை நான் பிறகு என் கல்யாணத்தில்தான் பார்த்தேன்.

வண்டியிலிருந்து சாக்குகள் போய் இரண்டு டிரம்கள் வந்தன. ஏலத்தில் குப்பையை எடுத்தவர் நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் குடோன் வைத்திருந்த ஒரு பழைய சாமான் வியாபாரி, கபாடிக்காரர். அவருடைய டெம்போ பின்பக்கம் வந்து நிற்கும். சலீம் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட வேண்டும், ஒரு காகிதம்கூட எடுக்கக் கூடாது. அலுவலகத்துக் காகிதத்தை நாம் வீட்டுக்குக் கொண்டுவருவோமா, அதுபோலத்தான் என்றார் அப்பா. சலீமின் மனைவி வருவது நின்றுவிட்டது. அவளுக்கு அங்கே வேலை இல்லையே. கொஞ்ச நாளில் சலீமின் காதில் இருந்த பீடியும் காணாமல் போயிற்று. கெட்ட பழக்கத்தை விட்டுவிட்டான் என்று அப்பா அதையும் வரவில் வைத்தார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கவலை. சக்கரம் வரவில்லை. கேட்டால், "அப் நஹீ, பிட்டியா" என்று டிரம்மைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிடுவார். இனிமேல் கிடையாது என்று அர்த்தம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டும் அட்டையும் வந்ததும் ஆளே மாறிவிட்டார், கர்வம் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.  அவள் பால் கவர்களை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அந்தக் கட்டு குப்பையோடு போகவில்லை. வாசலில் செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கும், அதற்குள் போகும். சலீம் வந்துபோன பிறகு பார்த்தால் பை காலியாக இருக்கும். நான் அதைப் பார்த்தேன், ஆனால் அதில் யோசிக்க ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கபாடிக்காரர் சலீமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சங்க அறைக்கு வந்தார். தண்ணீர் மோட்டார் பக்கத்தில் இருந்த அறை. ஏலத்தில் எடுத்த சரக்கைச் சலீம் ஒளித்துக் கடத்துகிறார், பின்கேட்டிலிருந்து படிக்கட்டுப் பக்கம் நழுவும்போது கையும் களவுமாகப் பிடித்தேன் என்றார். தலைவருக்கு அங்கேயே விரட்டிவிடலாம் என்றிருந்தது. ஆனால் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. விசாரிக்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது அவர் அலுவலகத்து விதி. மேலே ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே.

மேசை மேல் கபாடிக்காரர் பையைக் கொட்டினார். ஒரு கட்டுப் பால் கவர் விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு மஞ்சள் சக்கரம் உருண்டு வந்து அப்பாவின் கண்ணாடிக் கூட்டில் முட்டி நின்றது. பெரிய, தடித்த, ரப்பர் போட்ட சக்கரம். எனக்கு அந்த அறையில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அப்பா கவர்க் கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். கவர்கள் வெள்ளை வெளேரென்று, நாற்றமில்லாமல் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன முக்கோணம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அந்த முக்கோணத்தைக் கட்டை விரலால் நெருடிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"எங்க இருந்து எடுத்தான்னு கேளு" என்றார் அப்பா. 

நான் கேட்டேன். சலீம் கவரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கூடே ஸே" என்றார்.

"குப்பையில இருந்து எடுத்தாராம்ப்பா."

ஒப்புக்கொண்டான் பாருங்கள் என்றார் கபாடிக்காரர். சலீம் அவர் பக்கம் திரும்பவில்லை. "கூடா ஹீ தோ ஹை, ஸாப்" என்றார். குப்பைதானே ஸாப். அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. நாங்கள் வேண்டாம் என்று தூக்கிப்போட்டதைத் திருடியதாக அந்த மனிதர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம், சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். கபாடிக்காரர் கவரையும் சக்கரத்தையும் ஒரே வழிப்பில் தன் சாக்குக்குள் தள்ளினார். "அப்பா, சக்கரம்" என்றேன். பேசாமல் இரு என்று அதட்டினார். அப்படி அவர் என்னை அதட்டியதே இல்லை. சலீம் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். கோட்டைக் கழற்றி, உதறி, மடித்து, அதன் பக்கத்தில் வைத்தார். உள்ளே போட்டிருந்தது அந்தப் பழைய சட்டைதான். வெளியே போகும்போது என் முன்னால் ஒரு கணம் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"வேலைய விட்டுட்டான்."

"பால் கவரப் பாத்தியளா?"

"பாத்தேன்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். அம்மா காபியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா குடிக்கவில்லை. காபி ஆறி ஏடு கட்டிப் போயிற்று. பெரியவர்கள் வழக்கம்போலப் பால் கவரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் என் செருப்புப் பெட்டியிடம் போனேன்.

மறுநாள் கபாடிக்காரரின் ஆள் ஒருவன் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அம்மா அவனிடம் சலீமைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தாள். வேறு கட்டடங்களுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் உண்டு, புதிதாக வாங்கக் கையில் ஒன்றும் இல்லை, நகரத்துக் குப்பை மலை ஒன்றில் மனைவியோடு பொறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் அப்பா செயலாளர் பதவிக்கு நிற்கவும் இல்லை.

இப்போது அப்பா என்னோடு துவாரகாவில் இருக்கிறார். அம்மா இல்லை. எங்கள் சொசைட்டிக்குக் கம்பெனி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போகிறது. அப்பா காலையில் எழுந்ததும் பால் கவரின் மூலையை முழுதாக வெட்டாமல் கத்தரிக்கிறார், கழுவுகிறார், பால்கனிக் கம்பியில் காயப்போடுகிறார். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காய்ந்ததைக் கட்டாகக் கட்டி, மாலை நடைக்குப் போகும்போது கூடவே எடுத்துப் போவார். மெட்ரோ தூணுக்குக் கீழே சாக்கோடு போகும் யாரையாவது நிறுத்திக் கையில் கொடுப்பார். கொடுக்கும்போது சுற்றுமுற்றும் நாலு பேர் பார்க்கிற மாதிரி உரக்க, "மேனே தியா ஹை" என்பார். நான் கொடுத்தது. வாங்குகிறவர்களுக்கு அது எதற்கு என்று விளங்குவதில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் திரும்பி வரும்போது, "அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ட்டி. செக்ரட்டரி வீட்டுக் கவர்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமேன்னு இருந்துட்டேன்" என்றார்.   அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன்.

சலீம் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோப்பு டப்பாவில் மூன்று மஞ்சள் சக்கரங்களை மாட்டிப் பார்த்தேன். நாலாவது மூலை தரையில் இடித்தது. கறுப்பு, சிவப்பு என்று கிடைத்ததையெல்லாம் மாட்டினேன், எதுவும் ஒத்துவரவில்லை. உடனே அழுகை வந்தது. அம்மா வந்து எதற்கு அழுகிறாய் என்று கேட்டாள். நாலாவது சக்கரம் சலீமிடம் இருந்தது, எனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டுத் தானே வைத்துக்கொண்டார், அவர் திருடன்தான் என்றேன். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. டப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அந்த மூன்று சக்கரங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். தொழில் போகும் என்று தெரிந்தும் அந்த மனிதர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பின்கேட்டிலிருந்து எந்தப் பக்கம், யாரைத் தேடி நடந்துகொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்று தெரியவில்லை.